அத்தியாயம் 7: புதிய டிஸ்டில்லரியின் ரை விஸ்கியை மதிப்பிடுவது எப்படி

கோவை பீளமேடு விமான நிலையத்தில் சிங்கப்பூரிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் வந்து இறங்குகிறவர்களின் பைகளில் ஸ்காட்ச்தான் இருக்கும் என்ற காலம் போய்க்கொண்டிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய சிறு டிஸ்டில்லரிகளின் ரை விஸ்கியும் நம் வீடுகளுக்கு வர ஆரம்பித்திருக்கிறது. பெயர் புதிது, வயது குறைவு, விலை அதிகம். கொண்டுவந்தவர் "எப்படி இருக்குங்க?" என்று கேட்பார். "நல்லா ஸ்மூத்தா இருக்குங்க" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பதிலிலிருந்து பாட்டிலைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. தொண்டையில் எரியவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

புதிய டிஸ்டில்லரியின் ரையை மூன்று கேள்விகளால் எடைபோட்டுவிடலாம். தானியம் தெரிகிறதா? காய்ச்சியது சுத்தமாக இருக்கிறதா? மரம் அளவோடு நிற்கிறதா? இந்த அத்தியாயம் முழுவதும் இந்த மூன்றையும் சுற்றியே போகிறது. இவற்றுக்குப் பதில் சொல்ல வெளிநாட்டுப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. கொங்கு நாட்டுச் சமையலறையில் வளர்ந்த மூக்குக்குத் தேவையான மணங்கள் எல்லாம் ஏற்கெனவே பழக்கம்தான். அவற்றை ஒழுங்குபடுத்திக்கொண்டால் போதும்.

ரை என்ற தானியம்

ரை நம் ராகியும் இல்லை, கம்பும் இல்லை. கோதுமைக்கு உறவான குளிர்நாட்டுப் பயிர் அது. போலந்து, ஜெர்மனி, ரஷ்யா, பின்லாந்து போன்ற நாடுகளில் ரொட்டிக்காக விளைகிறது. மோசமான மண்ணிலும் கடும் குளிரிலும் தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் மேரிலாந்திலும் குடியேறியவர்கள் ரையில் விஸ்கி காய்ச்சினார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் 1797-ல் தொடங்கிய டிஸ்டில்லரியும் அப்படித்தான். அதன் தானியக் கலவையில் 60% ரை, 35% மக்காச்சோளம், 5% முளைகட்டிய பார்லி. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது. அதன்பின் ரை விஸ்கி பல பத்தாண்டுகள் ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தது. 2000-க்குப் பிறகுதான் அது மீண்டும் எழுந்தது. அதற்குப் பெரிய காரணம் சிறு டிஸ்டில்லரிகள்.

ரையைக் காய்ச்சுவது கடினமான வேலை. அதிலுள்ள பசைத்தன்மை கொண்ட நார்ப்பொருள்களால் கொதிக்கும் மாவுக்கூழ் நம் ராகிக் களியைப் போல இறுகி, துடுப்பைப் பிடித்து இழுக்கும். நொதிக்கும்போது நுரை பொங்கி வழியும். கவனம் தவறினால் அடிப்பிடித்து, தீய்ந்த வாடை வடிநீர் வரைக்கும் வந்துவிடும். ஆகவே ஒரு புதிய டிஸ்டில்லரி ரையில் சுத்தமான விஸ்கி எடுத்திருந்தால், அங்கே காய்ச்சுகிறவருக்குக் கை தேர்ந்திருக்கிறது என்று பொருள்.

நம் ஊர் கடைகளில் கிடைக்கும் சாதாரண விஸ்கியோடு இதை ஒப்பிட்டுவிடக் கூடாது. இந்தியாவில் விற்கும் மலிவு விஸ்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை, கரும்பு ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட். அதில் தானியத்தின் சுவையைத் தேடினால் கிடைக்காது. இந்தியாவில் ரையைக் கையாண்டவர்களில் குறிப்பிட வேண்டியது பெங்களூருவின் அம்ருத். 1948-ல் தொடங்கிய அந்த நிறுவனம் 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகப்படுத்தியது. பிறகு முழுக்க முளைகட்டிய ரையில் செய்த ஒரு விஸ்கியையும் வெளியிட்டது.

முதலில் லேபிளைப் படியுங்கள்

மூடியைத் திறக்கும் முன் பாட்டிலைக் கையில் எடுத்து ஐந்து விஷயங்களைத் தேடுங்கள்.

1. எங்கே காய்ச்சியது? புதிதாகத் தொடங்கும் பல நிறுவனங்கள் தம் சரக்கு முதிரும்வரை காத்திருக்க முடியாமல், பெரிய ஆலையிலிருந்து முதிர்ந்த விஸ்கியை வாங்கித் தம் பெயரில் அடைக்கின்றன. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் லாரன்ஸ்பர்க் நகரில் உள்ள பெரிய ஆலை இப்படிப் பலருக்கும் ரை கொடுத்திருக்கிறது. 95% ரை, 5% முளைகட்டிய பார்லி என்பது அதன் புகழ்பெற்ற கலவை. இப்படி வாங்கி விற்பது குற்றமாகாது, மறைப்பதுதான் தவறு. ஐயோவா மாநிலத்தின் டெம்பிள்டன் ரை இந்த விவகாரத்தில் வழக்கைச் சந்தித்து, 2015-ல் சமரசம் செய்துகொண்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தந்தது. லேபிளில் "இந்தியானாவில் காய்ச்சியது" என்று சின்ன எழுத்தில் இருந்தால், நீங்கள் மதிப்பிடப்போவது புதிய டிஸ்டில்லரியின் காய்ச்சும் திறமையை இல்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த விதத்தையும் கலந்த விதத்தையும்தான்.

2. ரை எத்தனை சதவீதம்? அமெரிக்கச் சட்டப்படி 51% ரை இருந்தாலே "ரை விஸ்கி" என்று எழுதிக்கொள்ளலாம். மீதி பெரும்பாலும் மக்காச்சோளமாக இருக்கும். அதனால் இனிப்பு கூடி, காரம் குறையும். 95 அல்லது 100% என்றால் தானியம் நேரடியாக முன்னால் நிற்கும். கென்டக்கியின் நியூபோர்ட் நகரில் 2014-ல் தொடங்கிய நியூ ரிஃப் டிஸ்டில்லரி 95% ரையோடு 5% முளைகட்டிய ரையைச் சேர்க்கிறது. பின்லாந்தின் இசோக்யூரோ ஊரில் பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் இயங்கும் க்யூரோ டிஸ்டில்லரி, முழுக்க முளைகட்டிய பின்லாந்து ரையையே பயன்படுத்துகிறது. 2012-ல் நண்பர்கள் ஐந்து பேர் நீராவிக் குளியலறையில் உட்கார்ந்து பேசும்போது பிறந்த யோசனை அது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்தாலே ஒரே தானியம் எவ்வளவு வேறுபட முடியும் என்று விளங்கிவிடும்.

3. வயது என்ன? அமெரிக்க விஸ்கி நான்கு ஆண்டுக்குக் குறைவானதாக இருந்தால் வயதை லேபிளில் சொல்லியாக வேண்டும். "ஸ்ட்ரெய்ட்" என்று இருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு. "பாட்டில்ட் இன் பாண்ட்" என்பது 1897-ல் வந்த சட்டம். ஒரே டிஸ்டில்லரியில், ஒரே பருவத்தில் காய்ச்சி, குறைந்தது நான்கு ஆண்டு வைத்திருந்து, 50% வலிமையில் அடைத்தது என்பதற்கு அது உறுதி தருகிறது. புதிய டிஸ்டில்லரி ஒன்று இந்தச் சொல்லைப் போட்டிருந்தால் மரியாதை கொடுங்கள். ஆனால் வயது எண்ணை நாடு விட்டு நாடு ஒப்பிட வேண்டாம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2% ஆவியாகிறது. பெங்களூரு வெப்பத்தில் அது 10% முதல் 12% வரை போகிறது. வெப்பத்தில் மரத்தின் சாரும் வேகமாக இறங்கும்.

4. வலிமை எவ்வளவு? டாஸ்மாக் சரக்கில் நாம் பழகிய எண் 42.8%. சிறு டிஸ்டில்லரிகளின் "கிராஃப்ட்" ரைகள் பெரும்பாலும் 45% முதல் 50% வரை இருக்கும். அதை மனதில் வைத்துத்தான் தண்ணீரின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

5. குளிர வைத்து வடிகட்டியதா? இப்படி வடிகட்டாத விஸ்கி, தண்ணீர் விட்டாலோ குளிர்ந்தாலோ லேசாகக் கலங்கும். அது கெட்டுப்போனதன் அறிகுறியாகாது. எண்ணெய்ப் பொருள்களை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

ஒரு எச்சரிக்கை. லேபிளும் முத்திரையும் இல்லாத பாட்டிலை, யார் கொடுத்தாலும், "கிராஃப்ட்" என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாலும், வாயில் வைக்காதீர்கள். மெத்தனாலை மூக்காலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை நாம் பார்த்தோம்.

இடம், நேரம், கிளாஸ், தண்ணீர்

இரவு உணவுக்கு முன், மாலை ஆறு மணிவாக்கில் உட்காருங்கள். வெறும் வயிறு கூடாது. காரமான பள்ளிபாளையம் சிக்கனோ பூண்டு போட்ட அரிசிம்பருப்பு சாதமோ சாப்பிட்ட கையோடும் உட்காரக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு முன் கொஞ்சம் தயிர் சோறு அல்லது இட்லி போதும். ஃபில்டர் காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இடையிடையே வாயைச் சுத்தப்படுத்த உப்பில்லாத பொரி நல்லது.

அறையில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, பினாயில் வாடை இருக்கக் கூடாது. தலையில் மல்லிகை, கையில் சானிடைசர், சட்டையில் சென்ட் எதுவும் வேண்டாம். தலைக்கு மேலே ஓடும் ஃபேனை அந்த நேரத்துக்கு நிறுத்துங்கள். கிளாஸின் வாயிலிருந்து எழும் மெல்லிய மணத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

ஏப்ரல், மே மாதங்களில் கோவை வீட்டு அலமாரியில் இருக்கும் பாட்டில் 30 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், தானியம் பின்னால் ஒளிந்துகொள்ளும். பாட்டிலைச் சிறிது நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். ஊற்றியபின் சற்றுக் காத்திருங்கள். 20 முதல் 22 டிகிரி சரியான நிலை. மதிப்பிடும்போது ஐஸ் போடக் கூடாது. குளிர்ந்த நாக்கு குறையையும் நிறையையும் சேர்த்து மறைத்துவிடும்.

அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். விஸ்கிக்கென்றே செய்த கிளென்கேர்ன் கிளாஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் துலிப் பூ வடிவிலான சின்ன ஒயின் கிளாஸ் போதும். எவர்சில்வர் டம்ளரும் அகன்ற வாயுள்ள கிளாஸும் இந்த வேலைக்கு உதவாது.

தண்ணீரில் கவனமாக இருங்கள். பீளமேட்டுப் பக்கம் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமும் கொண்டது. அது விஸ்கியின் சுவையைத் தட்டையாக்கும். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரும் சரிப்படாது. மென்மைக்குப் பேர்போன சிறுவாணித் தண்ணீர் கிடைத்தால், காய்ச்சி ஆறவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காதவர்களுக்கு வாடையில்லாத ஆர்.ஓ. தண்ணீர் போதும்.

மூக்குக்கு ஒரு மணப்பெட்டி

வெளிநாட்டுச் சுவைக் குறிப்புகளில் ரை ரொட்டி, கேரவே விதை, டில் என்றெல்லாம் எழுதியிருக்கும். பழகாத மணத்தை மூக்கால் அடையாளம் காண முடியாது. ஆகவே நம் கடைத்தெருவிலிருந்தே ஒரு மணப்பெட்டி தயார் செய்யுங்கள். மூடி போட்ட சின்னக் கண்ணாடி டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். சுவைப்பதற்கு முந்தைய நாளே ஒவ்வொன்றையும் கண்ணை மூடி முகர்ந்து பழகிக்கொள்ளுங்கள்.

தானியத்துக்கு: வறுத்த கம்பு மாவு, லேசாக இடித்த கொத்தமல்லி விதை, ஓமம், புதினா, மிளகு. இவற்றோடு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சதகுப்பை. வெளிநாட்டார் டில் என்பது இந்தச் செடியைத்தான். இந்தியானா ஆலையின் 95% ரையில் பலரும் குறிப்பிடும் மணம் அது. சதகுப்பையை ஒருமுறை முகர்ந்துவிட்டால் அந்த ஆலையின் சரக்கை வேறு லேபிளிலும் சந்தேகிக்கத் தொடங்குவீர்கள். கிராம்பையும் இந்த வரிசையில் வையுங்கள். ரையிலுள்ள ஃபெருலிக் அமிலம் நொதித்தலின்போது மாறிக் கிராம்பு வாசனை தருகிறது. மரத்திலிருந்தும் கிராம்பு வரும் என்பதால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

மரத்துக்கு: வெனிலா, ஏலக்காய், நாட்டுச்சர்க்கரை, காங்கேயம் பக்கத்துக் கொப்பரை. ஓக் மரத்தில் தேங்காய் வாசனை தரும் பொருள் ஒன்று இயல்பாகவே இருக்கிறது. நல்ல பீப்பாயில் அது இளந்தேங்காயாகவும், அளவு மீறினால் பழைய கொப்பரையாகவும் தெரியும். துவர்ப்பை நாக்குக்கு நினைவூட்ட ஒரு துண்டு கொட்டைப்பாக்கை மென்று பாருங்கள்.

குறைகளுக்கு: நெயில் பாலிஷ், ஊசிப்போன வெண்ணெய், வேகவைத்த முட்டைக்கோஸ், நனைந்த அட்டைப்பெட்டி, புதிதாக அறுத்த மரத்தூள். முகச்சுளிப்பாக இருந்தாலும் இந்த வரிசையைத் தவிர்க்காதீர்கள். நல்ல மணங்களை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். மதிப்பிடுகிறவரின் தகுதி, குறையைப் பெயர் சொல்லி அழைப்பதில்தான் இருக்கிறது.

சுவைக்கும் முறை

தனியாக ஒரு விஸ்கியை மதிப்பிட முடியாது. மூன்று கிளாஸ் வையுங்கள். ஒன்றில் மதிப்பிட வேண்டிய புதிய ரை, ஒன்றில் நீங்கள் நன்கு அறிந்த வேறொரு ரை, ஒன்றில் வழக்கமாகக் குடிக்கும் விஸ்கி. வீட்டில் ஒருவரை ஊற்றச் சொல்லி, கிளாஸ்களின் அடியில் அ, ஆ, இ என்று ஒட்டச் சொல்லுங்கள். எது எதில் என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. விலையும் பெயரும் கண்ணில் பட்டால் நாக்கு அதற்குத் தலையாட்டிவிடும். ஒவ்வொன்றிலும் 15 மி.லி. போதும்.

நிறம்: ஒரு வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்துப் பாருங்கள். இதில் நீண்ட நேரம் செலவிட வேண்டாம். கருத்த நிறம் அதிக வயதைக் காட்டும் என்று நம்புவது தவறு. சிறிய பீப்பாயும் வெப்பமும் ஓராண்டிலேயே ஆழ்ந்த நிறம் தந்துவிடும். சில நாடுகளில் நிறத்துக்காகக் கேரமல் சேர்ப்பதும் உண்டு.

மணம்: கிளாஸை மூக்குக்குள் திணிக்காதீர்கள். முதலில் தாடைக்கு அருகே, பிறகு உதட்டுக்கு அருகே, கடைசியாக மூக்குக்குக் கீழே கொண்டுவாருங்கள். வாயைச் சற்றுத் திறந்து வைத்து முகர்ந்தால் எரிச்சல் குறையும். முதல் முறை முகர்ந்ததும் தோன்றுவதை உடனே எழுதுங்கள். இரண்டு நிமிடம் விட்டு மறுபடி முகருங்கள். ரையில் முதலில் புதினாவும் மிளகும் வந்து, பிறகு மாவும் தேனும் எழுவது வழக்கம். மூக்கு களைத்தால் உங்கள் முழங்கை மடிப்பை முகருங்கள். உங்கள் உடலின் வாசனை மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

முதல் வாய்: ஐந்தாறு சொட்டு மட்டும். இது வாயைப் பழக்குவதற்கு. இதை வைத்து எதையும் எழுத வேண்டாம்.

இரண்டாம் வாய்: ஒரு சின்ன மடக்கு எடுத்து, நாக்கின் மேலும் ஓரங்களிலும் ஈறுகளிலும் படும்படி பத்து நொடி சுழற்றுங்கள். நம் அறுசுவையில் உவர்ப்பைத் தவிர மற்ற ஐந்தையும் வரிசையாகக் கேளுங்கள். இனிப்பு எங்கே தொடங்குகிறது? காரம் நாக்கின் நுனியிலா, தொண்டையிலா? புளிப்பு இருந்தால் அது பழத்தின் புளிப்பா, கெட்ட புளிப்பா? துவர்ப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது? கசப்பு முடிவில் வருகிறதா? ரையின் காரம் மிளகைப் போல நாக்கில் பரவ வேண்டும். தொண்டையில் மட்டும் குத்தினால் அது ஆல்கஹாலின் எரிச்சல்.

கோவையிலும் குன்னூரிலும் தேயிலை ஏலத்துக்காகச் சுவைக்கிறவர்கள் நாள் முழுக்கக் கோப்பை கோப்பையாக உறிஞ்சுகிறார்கள். உறிஞ்சியதைத் துப்பிவிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். நீங்களும் ஒரு பாத்திரத்தை அருகில் வைத்துக்கொண்டு துப்பலாம். இரண்டாவது கிளாஸுக்குள்ளேயே தலை லேசானால், மூன்றாவதற்குக் கொடுக்கும் மதிப்பெண் பொய்யாகிவிடும்.

தண்ணீர்: இங்கேதான் புதிய டிஸ்டில்லரிக்கு உண்மையான சோதனை. 50% வலிமையுள்ள 30 மி.லி. ரையில் 5 மி.லி. டீஸ்பூனால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 43 சதவீதத்துக்கு இறங்கும், நாம் பழகிய டாஸ்மாக் வலிமைக்கு வந்துவிடும். ஒன்றரைக் கரண்டி விட்டால் 40%. நீங்கள் வைத்திருக்கும் 15 மி.லி.க்கு இதில் பாதி அளவு. தண்ணீர் விஸ்கியைக் கெடுத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் 2017-ல் கணினி மாதிரியில் வேறு ஒன்றைக் காட்டினார்கள். புகை மணம் தரும் குவையகோல் என்ற பொருள், 45 சதவீதத்துக்கும் கீழே இறங்கும்போது திரவத்தின் மேற்பரப்பை நாடி வருகிறது. 59 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உள்ளேயே தங்கிவிடுகிறது. மணம் மேலே வந்தால் மூக்குக்கு எட்டும்.

நல்ல ரையில் தண்ணீர் விட்டதும் தானியமும் தேனும் விரியும், காரம் குறைந்தாலும் சுவையின் கனம் குறையாது. பலவீனமான ரையில் இனிப்பு மறைந்து மரத்தூளும் கசப்பும் மட்டும் மிஞ்சும்.

பின்சுவை: விழுங்கியபின் அல்லது துப்பியபின் கடிகாரத்தைப் பாருங்கள். சுவை எத்தனை நொடி நிற்கிறது, அது இனிப்பா துவர்ப்பா என்று குறித்துக்கொள்ளுங்கள். காலியான கிளாஸைக் கழுவாமல் மூடி வையுங்கள். மறுநாள் காலையில் முகர்ந்தால் ஆல்கஹால் போய், மரமும் தானியமும் மட்டும் இருக்கும். பீப்பாயைப் பற்றி மிகத் தெளிவாகச் சொல்வது அந்த மணம்தான்.

புதிய டிஸ்டில்லரிகளில் காணும் குறைகள்

காய்ச்சுவதில் வரும் குறை: வடிக்கும்போது முதலில் வரும் பகுதியையும் கடைசியில் வரும் பகுதியையும் சரியாக வெட்டி ஒதுக்க வேண்டும். முதல் பகுதி கலந்தால் நெயில் பாலிஷ் வாடை. கடைசிப் பகுதி அதிகம் கலந்தால் நனைந்த அட்டைப்பெட்டியும் ஊசிப்போன வெண்ணெயும். வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை கந்தகத்தால் வருகிறது, செம்புக்கலனோடு போதிய தொடர்பு இல்லாததைக் காட்டுகிறது. கிளாஸில் பத்து நிமிடம் வைத்தால் லேசான கந்தக வாடை போய்விடக்கூடும். அதற்கு இடம் கொடுங்கள். போகவில்லை என்றால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

மரத்தில் வரும் குறை: அமெரிக்காவில் வழக்கமான பீப்பாய் 53 கேலன், அதாவது சுமார் 200 லிட்டர். பணம் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்பதற்காகச் சிலர் 20, 40 லிட்டர் பீப்பாய்களில் வைப்பார்கள். விஸ்கிக்கு மரத்தின் தொடர்பு அதிகமாகி நிறமும் துவர்ப்பும் வேகமாக ஏறும். ஆனால் காற்றோடு மெதுவாகச் சேர்ந்து முரட்டு வாடைகள் அடங்குவதற்குக் காலம் வேண்டும், அதைப் பீப்பாயின் அளவால் ஈடுசெய்ய முடியாது. மரஅறுவை மில்லுக்குள் நுழைந்தது போன்ற வாடையும் பாக்கு மென்றது போன்ற வறட்சியும் சேர்ந்து வந்தால் காரணம் இதுதான்.

இளமையில் வரும் தன்மை: பச்சை மாவு, புல், பச்சை ஆப்பிள் வாசனை. இதை எடுத்தவுடன் குறையாகக் கணக்கிடாதீர்கள். இரண்டு வயது ரையில் தானிய மணம் தூக்கலாக இருப்பது இயல்பு, பலருக்கு அதுவே அழகு. மாவு மணம் இனிமையாக, வறுத்த கம்பைப் போல இருந்தால் நிறை. அடிப்பிடித்த கூழைப் போல இருந்தால் குறை.

மதிப்பெண் தாள்

மொத்தம் 50. ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித் தாள்.

தானியம் தெரிகிறதா: 15
காய்ச்சியது சுத்தமா: 10
மரம் அளவோடு இருக்கிறதா: 10
பின்சுவையின் நீளமும் இனிமையும்: 10
தண்ணீரில் தாங்குகிறதா: 5

தானியத்துக்கு அதிக எடை கொடுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நல்ல பீப்பாயைப் பணம் கொடுத்து வாங்கலாம், வயதைக் காத்திருந்து பெறலாம். தானியத்தை மதித்துக் காய்ச்சும் கையைக் கடையில் வாங்க முடியாது. சிறு டிஸ்டில்லரி பெரிய ஆலையிடமிருந்து வேறுபட வேண்டிய இடமே இதுதான். ரை என்று எழுதிவிட்டு வெனிலாவையும் கேரமலையும் மட்டும் கொடுத்தால், அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும் 15-க்கு 6-க்கு மேல் போடாதீர்கள்.

40 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுப் பாட்டிலாக வாங்கத் தகுந்தது. 30 முதல் 39 வரை, ஹோட்டல் பாரில் ஒரு பெக் குடித்துப் பார்க்கலாம், அதே டிஸ்டில்லரியின் அடுத்த வெளியீட்டையும் கவனிக்கலாம். 30-க்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். மதிப்பெண் போட்டு முடித்த பிறகே அ, ஆ, இ எழுத்துகளில் எது எந்த விஸ்கி என்று ஊற்றியவரிடம் கேட்டு விலையைப் பாருங்கள். விலைக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள், மதிப்பெண்ணோடு கலக்காதீர்கள்.

குறிப்பு எழுதும்போது "அருமை", "ஸ்மூத்", "கிக் இருக்கு" என்ற சொற்களைத் தவிருங்கள். இப்படி எழுதுங்கள்: "மூக்கில் புதினா, இடித்த கொத்தமல்லி, ஐந்து நிமிடத்தில் வறுத்த கம்பு. வாயில் நாட்டுச்சர்க்கரையோடு தொடங்கி மிளகுக் காரம் பரவுகிறது. தண்ணீர் விட்டதும் தேன் கூடியது, துவர்ப்பும் கொஞ்சம் கூடியது. பின்சுவை முப்பது நொடி, முடிவில் பாக்கு. காய்ச்சியது சுத்தம், மரம் சற்று அதிகம்." இதைப் படிக்கும் இன்னொருவர் அந்தப் பாட்டிலை வாங்கலாமா என்று தானே முடிவு செய்துகொள்ள முடியும். திறந்த பாட்டிலை ஒரு மாதம் கழித்து மறுபடி மதிப்பிட்டு, இரண்டு தாள்களையும் ஒப்பிடுங்கள். பாதிக்கு மேல் காலியான பாட்டிலில் காற்று புகுந்து சுவை மாறும். முதல் தீர்ப்பு எவ்வளவு நிலையானது என்பதும் அப்போது தெரியும்.

அளவும் சட்டமும்

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்க அனுமதி இல்லை. இந்த அத்தியாயமும் அவர்களுக்கானதன்று. வெளிநாட்டிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் தீர்வையின்றிக் கொண்டுவர அனுமதிக்கப்படும் அளவு 2 லிட்டர். மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். துப்பித் துப்பிச் சுவைத்தாலும் வாயின் வழியாகக் கொஞ்சம் உள்ளே போகும். ஆகவே சுவைத்த நாளில் அவிநாசி சாலைப் பக்கமே வண்டியை எடுக்காதீர்கள். மது எந்த அளவிலும் உடலுக்கு முற்றிலும் பாதுகாப்பானதாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. கல்லீரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுகிறவர்கள், குடியை விட்டு மீண்டவர்கள் மணப்பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். முகர்ந்து பழகுவதற்கு மது தேவையில்லை.

குவார்ட்டரை நின்ற நிலையில் ஊற்றி முடிக்கும் பழக்கம் நம் ஊரில் எத்தனை குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 15 மி.லி.யை அரை மணி நேரம் கையில் வைத்துக் கவனிக்கப் பழகியவர் அந்த அவசரத்துக்குத் திரும்புவது கடினம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் பாட்டில் வாங்கும் முன் மணப்பெட்டியைத் தயார் செய்யுங்கள். சதகுப்பையையும் ஓமத்தையும் கொப்பரையையும் கண்ணை மூடிப் பிரித்தறியும் வரைக்கும் பாட்டிலைத் திறக்காதீர்கள்.